ஸ்டெல்லா டீச்சரும் உயிரோடிருக்கும் நாய்களும்

"சார், உயிரோட இருக்கற ஒண்ண வரைஞ்சா அதோட ஆயுசு குறையும்னு உங்க சயின்ஸ்ல எங்கனா எழுதியிருக்குதா?"

எங்கள் தெருமுனையில் முருங்கைக்கீரைக் கட்டோடு நின்றபடி ஸ்டெல்லா டீச்சர் என்னிடம் இப்படிக் கேட்டார். முப்பத்தோரு ஆண்டுகள் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். இதற்கு விடை ஒரே சொல்தான்.

"இல்ல டீச்சர்" என்றேன்.

"தெரியும் சார். உங்க வாயால கேட்டா கொஞ்சம் தெம்பா இருக்கும்னுதான் கேட்டேன்" என்றார்.

அதற்கு அடுத்ததாக அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு செய்தி வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு ரோஜாப்பூக்கள் வரும். போன மாதம் ஒரு நாள் அந்தப் பூக்களுக்கு நடுவே, நம் ஓவிய ஆசிரியை ஸ்டெல்லா அதிகாலையில் நெஞ்சுவலியால் காலமானார் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே இன்னொருவர், மேலே இருந்ததைப் படிக்காமலே, இன்னொரு ரோஜாப்பூ அனுப்பியிருந்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். வரி மாறவில்லை. அடுக்களையில் இருந்த என் மனைவி சரோஜாவைக் கூப்பிட்டுப் போனை நீட்டினேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் படுத்திருந்த எங்கள் நாயைப் பார்த்தாள்.

நம் பள்ளியின் இந்த மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் ஓவியம் படித்தவர்கள். வாரத்தில் மூன்று நாள் வரும் பகுதிநேர ஆசிரியையாகத்தான் அவரை உங்களுக்குத் தெரியும். மற்ற நாட்களில் என்ன செய்தார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கூரத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பிலோமினாவைப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கினார். காஞ்சிபுரத்தில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, சேலைகளுக்குக் கட்டம் போட்ட தாளில் அன்னமும் மயிலும் யாளியும் வரைந்து கொடுத்தார். சிறுவர் மாத இதழ் ஒன்றில் கதைகளுக்குப் படம் போட்டார். நாய் மட்டும் வரைபவராக ஆனது பிறகுதான். அது அவர் விரும்பி எடுத்த வேலையில்லை.

பட்டுக்கடை முதலாளி ஒருவர் வீட்டில் பதினான்கு வருடம் வளர்ந்த நாய் இறந்துபோனது. அந்த மனிதர் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள், செல்போனில் இருந்த ஒரு படத்தோடு டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். டீச்சர் அதைப் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். நாயின் இடது காது நுனியில் சிறு கிழிசல் இருந்தது. "அத மட்டும் சரிபண்ணிடுங்கம்மா" என்றாராம் முதலாளி. டீச்சர் மறுத்துவிட்டார். "காது கிழிஞ்சிருந்தா கிழிஞ்சே இருக்கட்டும்ங்க. தெச்சுட்டா அது வேற நாயி." முதலாளி அந்தக் கிழிசல் எப்படி வந்தது என்று சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாராம்.

சுவரில் இருக்கும் படத்துக்கு மாலை போட்டால் அதில் இருப்பவர் இல்லை என்று நம் ஊரில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி தன் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நாயின் படத்தை மாட்டினார். கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, அமாவாசைக்கு அமாவாசை சாமந்தி மாலை போட்டார். கல்யாணப் புடவை எடுக்க வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யார் வரைந்தது என்று கேட்டார்கள். நாயைப் பறிகொடுத்தவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதுவரை தனக்குத் தெரியாது என்பார் டீச்சர். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, அப்புறம் கடல் தாண்டியெல்லாம் செல்போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. வந்தவை எல்லாம் இறந்துபோன நாய்கள்.

ஒரு சமயம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வண்ணம் காய்வதற்காகச் சுவர் முழுக்கத் தாள்களை மாட்டியிருந்தார். பதினைந்து நாய்களாவது இருக்கும். அறைக்குள் நுழைந்ததும் என்னவோ போல் இருந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. டீச்சர்தான் சொன்னார்.

"போன்ல போட்டோ எடுக்கறவங்க நின்னுக்கினு எடுக்கறாங்க சார். நாயி கீழ இருக்குது. அதனால எல்லா நாயும் அண்ணாந்து பாக்குது. சேலையில நான் போடற அன்னம், மயிலு, யாளி எல்லாம் கரையோரமா அதுபாட்டுக்கு நடந்து போவும், ஒண்ணும் நம்ம பக்கம் திரும்பாது. இதுங்க அப்படி இல்ல. எதனா கேக்கற மாதிரி என்னையே பாத்துக்கினு இருக்குது. நான் இன்னாத்த சார் குடுப்பேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய நாற்காலி சுவருக்கு முதுகு காட்டித் திரும்பியிருந்தது.

"வேணாம்னு சொல்லிட வேண்டியதுதான டீச்சர்?" என்றேன்.

"சொல்லிப் பாத்தேன் சார். அழறாங்க. அழறவங்க கிட்ட எப்படி வேணாம்னு சொல்றது?"

பெங்களூரில் இருந்த ஒரு அம்மாள், படம் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் தினமும் சாயங்காலம் கூப்பிட்டுத் தன் நாயைப் பற்றிப் பேசுவாராம். டீச்சர் அரிசி களைந்துகொண்டே கேட்பார். எட்டு மாதம் கேட்டார். சேலை வேலை குறைந்தது. மாத இதழ்க்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஸ்டெல்லா என்றால் நாய், அதுவும் போய்ச் சேர்ந்த நாய் என்று ஆகிவிட்டது.

நடுவில் ஒரே ஒரு முறை, எங்கள் தெருத் தையற்காரர் தன் மகள் பிறந்தநாளுக்காகக் கேட்டார் என்று, உயிரோடிருந்த அவர்கள் நாயை டீச்சர் வரைந்து கொடுத்தார். பத்தே நாளில் அது தண்ணி லாரியில் அடிபட்டு இறந்தது. அந்த லாரி எத்தனையோ நாய்களை அடித்திருக்கிறது. அதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர் வரைந்தார், நாய் செத்தது என்ற இரண்டையும் மட்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம் அவரைக் கூப்பிட்டது. குழந்தைகளுக்கு ஒரு படப்புத்தகம். எழுத்தே கிடையாது, பன்னிரண்டு படங்கள் மட்டும். ஒரு நாயின் ஒரு நாள். தூங்குகிறது, எழுந்து உடம்பை முறுக்குகிறது, தேங்கிய தண்ணீரைக் குடிக்கிறது, வண்டியைத் துரத்துகிறது, ஈரத்தை உதறுகிறது, மறுபடி தூங்குகிறது. இந்தச் செய்தியை என்னிடம் சொல்ல அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அன்று அவர் பேசியதைப்போல அதற்கு முன்னும் பின்னும் பேசிக் கேட்டதில்லை. "இந்த நாயி யாரையும் பாக்காது சார். அதுக்கு அதோட வேல இருக்குது" என்று இரண்டு முறை சொன்னார்.

இறந்த நாயின் படத்தை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் போட முடியாது. உயிருள்ள நாய் ஒன்று எதிரில் வேண்டும். நமக்கு இது ஒரு பெரிய காரியமா என்று தோன்றும். தெருவுக்கு ஐந்து நாய் திரிகிற ஊர் இது.

டீக்கடை வாசலில் ஒரு பழுப்பு நாய் படுத்திருக்கும். டீச்சர் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்தார். டீ மாஸ்டர் வடிகட்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும், அத விட்டுடு. அது நல்லா இருக்குது."

"நல்லா இருக்குதுன்னுதான்பா வரையறேன்."

"அதான் நானும் சொல்றேன். கோயில்ல பைரவர் பக்கத்துல கல்லு நாயி ஒண்ணு நிக்குது பாரு, அத வரைஞ்சிக்கோ. நவுராது. அதுக்கு ஒண்ணும் ஆவாது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். கறிக்கடை வாசலில் விரட்டினார்கள். ஆட்டோ ஸ்டாண்டில், மரியாதையாக, ஆட்டோவையே நகர்த்தி நாயை மறைத்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நாய் வேண்டும் என்று பஸ் ஏறித் தாமல் ஏரிக்கரைக்குப் போனார். அங்கே திரிந்த நாய்கள் பத்தடிக்குமேல் நெருங்கவிடவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் இன்னாம்மா பண்றே என்று கேட்டிருக்கிறார். நாயை வரைகிறேன் என்றாராம். "அப்பிடியா, செத்து எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டாராம் அவர். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போனாலும் பேர் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தெருமுனையில் கீரைக்கட்டோடு அவர் என்னை நிறுத்தியது இதற்குப் பிறகுதான். அவர் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொன்னதோடு நான் நிற்கவில்லை. வகுப்புப் பழக்கம். உதாரணம் ஒன்றும் சொன்னேன்.

"விபத்து நடக்கற எடத்துலல்லாம் ஆம்புலன்ஸ் நிக்கும். அதுக்காக ஆம்புலன்ஸ் வந்ததாலதான் விபத்து நடந்துச்சுன்னு யாராவது சொல்வாங்களா டீச்சர்? நீங்க ஆம்புலன்ஸ் மாதிரி. நடந்தப்புறம் வர்றீங்க."

"நல்ல உதாரணம் சார்" என்றார். பிறகு, "அப்போ ஒண்ணு கேக்கட்டுமா? உங்க பிஸ்கட்ட ஒரு வாரம் வரைஞ்சிக்கட்டா?"

பிஸ்கட் எங்கள் நாயின் பெயர். என் மகள் கல்லூரிக்குப் போகும்போது தெருவிலிருந்து தூக்கிவந்து வைத்த பெயர். அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், நாய் எங்களோடு இருக்கிறது.

நான் சொன்னது இதுதான்: "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். வீட்டுல சரோஜா கொஞ்சம் பயப்படுவா."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆம்புலன்ஸ் சும்மா வந்து நம்ம வீட்டு வாசல்ல நின்னா நமக்கும் ஒரு மாதிரியாத்தான் சார் இருக்கும். பரவால்ல." கீரைக்கட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

உண்மை என்னவென்றால், சரோஜாவிடம் நான் கேட்கவே இல்லை. பயந்தது நான். கிரகணத்தன்று பிள்ளைகளை வெளியே நிற்கவைத்து முறுக்கு தின்னக் கொடுத்தவன் நான். மயானத்துக்கு அழைத்துப்போய் எலும்பில் உள்ள பாஸ்பரஸைப் பற்றிப் பாடம் நடத்தியவன். என்னிடம் படித்த நீங்கள் அதையெல்லாம் இன்றும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் வாத்தியாரின் அறிவியல் அவர் வீட்டு வாசற்படி வரைக்கும்தான் வந்தது.

இரண்டு வாரம் கழித்து சரோஜா கடைத்தெருவிலிருந்து வந்து பையை மேசைமேல் பொத்தென்று வைத்தாள்.

"நான் எப்போங்க வேணான்னேன்?"

"எத?"

"டீச்சர் என்னப் பாத்து, 'பரவால்லக்கா, நீங்க பயப்படறது நியாயந்தான்'ன்னு சொல்றாங்க. எனுக்கு ஒண்ணும் புரியல. அப்புறந்தான் சொன்னாங்க. உங்களுக்குப் பயம்னா உங்க பேர்ல பயப்படுங்க. என் பேர்ல இன்னாத்துக்கு?"

அன்று மாலையே அவளே போன் போட்டு டீச்சரை வரச் சொன்னாள். ரோஷத்தில் கூப்பிட்டாளே ஒழிய, அவளுக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. டீச்சர் வருவதற்கு முன் பிஸ்கட்டின் நெற்றியில் விபூதி பூசியிருந்தாள். நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

டீச்சர் எங்கள் கூடத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் என் மைத்துனரின் தறி ஓடிக்கொண்டிருந்தது. பிஸ்கட் எப்போதும்போல் கதவோரம், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் டீச்சர் தலை நிமிராமல் வரைந்தார். காபி எடுத்துப்போன நான் தாளைப் பார்த்தேன். அதில் பிஸ்கட் அழகாக இருந்தது. முகத்தைத் தூக்கி, இரண்டு கண்ணாலும் என்னை அண்ணாந்து பார்த்தது. நான் திரும்பிக் கதவோரம் பார்த்தேன். அங்கே முதுகுதான் இருந்தது.

ஒன்றும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அதற்குள் அவரே என் பார்வையைப் பிடித்துக்கொண்டார். தாளையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார். பென்சிலை மெல்லத் தரையில் வைத்தார்.

"ஒம்போது வருசம் சார். என் கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார்.

ஊர்தான் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். கட்டு அவருடைய விரல்வரை போயிருந்தது. மறுநாளும் அப்படித்தான். சாப்பிடுகிற நாயை வரையத் தொடங்குவார், எங்கிருந்தோ அந்தக் கண்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரப்பரை எடுத்து அழிப்பார். அழித்த இடத்தில் மறுபடியும் கண்ணே வரும். சரோஜா அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாக, "பாவங்க, இன்னாத்துக்கு அதுமேல இவ்ளோ ரப்பர் போடறாங்க" என்றாள். நாயைப் பற்றிய பயம் போய், டீச்சரைப் பற்றிய கவலை வந்துவிட்டது அவளுக்கு.

மூன்றாம் நாள் டீச்சர் ஒரு முடிவோடு வந்தார். தலையிலிருந்து தொடங்குவதில்லை. வாலிலிருந்து, முதுகிலிருந்து, எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குவது. நாய் அசைந்தால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தாள். பிஸ்கட் அன்று ஈயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் கூடம் முழுக்கத் தாள். ஒன்றில் பின்னங்கால், ஒன்றில் அரைக் காது, ஒன்றில் வெறும் வால். வகுப்பில் யாராவது இப்படிக் கொடுத்திருந்தால் மார்க்கே போட்டிருக்க மாட்டேன். டீச்சர் ஒவ்வொன்றையும் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வியர்த்திருந்தது. ஃபேனைக் கூட்டவா என்று கேட்டேன். தாள் பறக்கும், வேண்டாம் என்றார்.

நான்காம் நாள் பதினோரு மணி இருக்கும். பிஸ்கட் வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கதவோரம் சரிந்து தூங்கியது. டீச்சர் கழுத்திலிருந்து வால்வரை ஒரே கோடு இழுத்தார். விலாப்பக்கம் அந்தக் கோடு சற்றே அகன்று மறுபடி ஒடுங்கியது. அவ்வளவுதான். முகம் இல்லை, கால் இல்லை. தாளைத் தூக்கிக் கைநீட்டி வைத்துப் பார்த்தார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு ஓவியம் தெரியாது. அந்தக் கோட்டுக்குள் மூச்சு இருந்தது என்று மட்டும் சொல்ல முடியும்.

"மூச்சு வுடுது சார்" என்றார் மெதுவாக. பிறகு உள்ளே பார்த்து, "சரோஜாக்கா, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டார். அவள் ஈரக்கையோடு வந்து பார்த்து, "ஐயே, நம்ம பிஸ்கட்டு தூங்கறான்" என்றாள். டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு வந்து முழு நாயையும் போட்டுவிடுகிறேன் என்று தாள்களை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பிஸ்கட் சாப்பிடவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. ஆட்டோவில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர், இந்த மாதத்தில் நிறைய வருகிறது என்றார், ஊசி போட்டார். சரோஜா வழியெல்லாம் நாயின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீடு திரும்பும்போது டீச்சர் வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தார். என் கையில் தொங்கிக் கிடந்த நாயைப் பார்த்தார். அதன் முன்னங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "நான் வர்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது என் வாயில் ஒரு உதாரணமும் வரவில்லை.

ஒன்பது நாளில் பிஸ்கட் தேறிவிட்டது. தயிர்சாதம் தின்றது. பால்காரரைப் பார்த்துக் குரைத்தது. உடனே டீச்சருக்குப் போன் செய்தேன்.

"ரொம்ப சந்தோசம் சார். நல்லா இருக்கட்டும்."

"அப்போ நாளைக்கு வர்றீங்களா?"

"ஊர்ல சொன்னப்ப எனக்கு சிரிப்புதான் சார் வந்துச்சு. இப்போ எனக்கே பயமா இருக்குது. பென்சில எடுத்தா உங்க கையில அது தொங்கினதுதான் கண்ணுல நிக்குது. காய்ச்சல்தான்னு தெரியும். தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்? வேற யாரையாவது பாத்துக்கோங்கன்னு புக்குக்காரங்களுக்குச் சொல்லிட்டேன்."

மறுபடியும் இறந்த நாய்களுக்கே திரும்பிப் போனார். அது அவருக்குப் பத்திரமான இடமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஏற்கெனவே இறந்ததை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாதல்லவா?

நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பிஸ்கட்டைச் சங்கிலியில் கட்டி, பத்து நிமிடம் நடத்திப்போய், அந்த மாடிப்படியில் ஏற்றி, அவர் எதிரில் நிறுத்தியிருக்க வேண்டும். அது அறையைச் சுற்றி ஓடி, வண்ணக்கிண்ணத்தைத் தட்டிவிட்டு, அவர் புடவையை மோந்து பார்த்திருக்கும். போனில் நான் ஆயிரம் சொன்னாலும் அதற்கு ஈடாகாது. வகுப்பில் எதையும் வாயால் சொல்லி நிறுத்தாமல் செய்து காட்ட வேண்டும் என்று இளம் ஆசிரியர்களுக்குச் சொன்னவன்தானே நான். அந்த வாரம் கருட சேவை, தெருவெல்லாம் கூட்டம், நாயைக் கூட்டிப்போக முடியாது. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் மாகறலில் ஒரு வளைகாப்பு. சரோஜா இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். போகலாம், டீச்சர் எங்கே போய்விடப் போகிறார் என்றேன்.

அடக்கத்துக்குப் போய் வந்தோம். தங்கை பிலோமினா, தன் அக்காவின் மேசையை அப்படியே வைத்திருந்தார். பாதி வரைந்த ஒரு நாய் இருந்தது. அதுவும் அண்ணாந்துதான் பார்த்தது. "எங்கக்கா இந்த மாசமெல்லாம் உங்க நாயப் பத்தி கேட்டுக்கினே இருந்தாங்க சார். உங்க தெருவுல இருந்து யாரு வந்தாலும், பிஸ்கட்டு எப்படி இருக்குதுன்னு கேப்பாங்க" என்றார் பிலோமினா. நல்லா இருக்கிறது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

இந்த மலரின் ஆசிரியர் என்னிடம், டீச்சரின் நினைவாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் விட்டுப்போன அறுபத்துமூன்று தாள்கள் இருக்கின்றன. அதில் அறுபத்திரண்டு முடியாத துண்டுகள். ஒன்று அந்த முதுகு. சட்டம் போட்டு மாட்டலாமா என்று சரோஜாவைக் கேட்டேன். வேண்டாம், மாட்டினால் மாலை போடச் சொல்லும் என்றாள். அடுக்களையில் ஃபிரிட்ஜ் கதவில், கேஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள். தினமும் பால் எடுக்கும்போது கண்ணில் படுகிறது.

இன்னொன்றும் அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள் நான் தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டை வரைய ஆரம்பித்தேன். எனக்குக் கோடுகூட நேராக வராது. முதல் நாள் இரவு, இந்த வயதில், இவ்வளவு படித்தும், இரண்டு முறை எழுந்து நாய் மூச்சு விடுகிறதா என்று பார்த்தேன். காலையில் அது என் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. அன்றும் வரைந்தேன். இருபது நாளுக்குமேல் ஆகிறது. சரோஜா எட்டிப் பார்த்து, "நீங்க போடறது நாயி மாதிரியே இல்ல, அதுக்கு இன்னா ஆவப்போவுது" என்கிறாள். தெருக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். டீ மாஸ்டர்கூட ஒரு நாள் வந்து பார்த்தார். நாயைத்தான் பார்த்தார், தாளைப் பார்க்கவில்லை. அது குரைத்ததும் போய்விட்டார்.

ஒரு நாயை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட முடியாது. உங்கள் எல்லார் வீட்டிலும் நாயோ பூனையோ ஆடோ மாடோ இருக்கும். இன்றைக்கு, அது நன்றாக இருக்கும்போதே, ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வரையுங்கள். முடிக்க வேண்டும் என்றில்லை. அது எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போனால் போகட்டும்.